ஆறு பிறந்தநாள்காரி

ஐந்து மணிக்கு வீபேயைச் சுடுவதென்று முடிவாகியிருந்தது. எங்களிடம் அதைச் சொல்லும்போது மணி பன்னிரண்டரை.

சொன்னவன் கொல்லன். அது இயக்கத்தில் அவனுக்கு வைத்த பெயர். நிஜத்தில் கணக்கு வாத்தியார். சுத்தியலைக் கையில் கொடுத்தால் தன் கட்டைவிரலில்தான் அடித்துக்கொள்வான். ஆனால் எங்கள் நாட்டைப் பிடித்துக்கொண்ட ஜெர்மன்காரனுக்கு எதிராக டெவென்டர் வட்டாரத்தில் துப்பாக்கி எடுத்தவர்களுக்கெல்லாம் அவன்தான் தலைவன். ஆற்றங்கரையில் பாழடைந்த செங்கல் சூளை, அதற்குள்ளே ஒரு நாற்காலி, நாற்காலியில் வீபே. இரண்டு கையையும் பின்னால் கட்டியிருந்தார்கள். ராத்திரியெல்லாம் அடித்ததில் ஒரு கண் மூடியிருந்தது.

அவன் செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றம் இதுதான். ஃபென்னா என்கிற பெண், ஊரில் ஒளிந்துகொண்டு லண்டனுக்கு வயர்லெஸ்ஸில் செய்தி அனுப்பி வந்தாள். இங்கிலாந்தில் பயிற்சி எடுத்துவிட்டு, பாராசூட்டில் ஒரு பீட்ரூட் வயலில் வந்து குதித்தவள். ஒன்பது நாளுக்கு முன்னால் வயர்லெஸ் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீடு மாறப் போனபோது, ஜெர்மன்காரர்கள் பாலத்தடியில் காத்திருந்து பிடித்துவிட்டார்கள். தேடிப் பிடிக்கவில்லை. முகம் தெரிந்து காத்திருந்து பிடித்தார்கள். வீபே அவளுடைய சித்தி மகன், பெட்டிக்கு பேட்டரி கொண்டுபோய்க் கொடுப்பவன். அன்றைக்குப் பாலத்துக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனான், மாட்டவில்லை. மாட்டாமல் போனதுதான் அவன்மேல் இருந்த ஒரே சாட்சியம்.

இதை விசாரிக்க வேண்டியவர் லுபெர்ட் ஸ்வார்ட். இருபத்தாறு வருடம் போலீஸ் இன்ஸ்பெக்டர். யூதர்களை வீடு வீடாகப் போய்க் கூட்டிவரச் சொன்ன அன்றைக்குத் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வந்தவர். இந்த ஜனவரியிலிருந்து தலைமறைவு. ஒரு தச்சரின் மாடியில் மரத்தூளுக்கு நடுவே படுக்கிறார். நான் ஆல்ச்சே, சரக்குப் படகு ஓட்டுகிறவரின் மகள். எங்கள் வம்சத்திலேயே சட்டம் படித்துப் பட்டம் வாங்கிய முதல் ஆள். நான் வாங்கிய நேரம், நாட்டில் சட்டம் செத்துப் போயிருந்தது. இன்ஸ்பெக்டர் சைக்கிளுக்குப் பின்னால் மிதிப்பதுதான் இப்போதைக்கு என் வக்கீல் தொழில்.

கொல்லனிடம் நான் கேட்டேன். "பத்து நிமிஷம் லேட்டா வந்தா மரண தண்டனையா? அப்ப நம்ம ரயில்வேல ஒருத்தன் மிஞ்ச மாட்டான்."

"அஞ்சு மணி வரைக்கும் டைம். வேற ஆளைக் காட்டு, இவனை விடுறேன்" என்றான். கணக்கு வாத்தியார் பேச்சு. விடை ஒன்று வேண்டும் அவனுக்கு, அவ்வளவுதான்.

எங்கள் கையில் இருந்தது ஒரே ஒரு சிகரெட் தாள். சிறையிலிருந்து ஃபென்னாவின் அழுக்குத் துணி சலவைக்கு வெளியே வந்தபோது, பாவாடை மடிப்புக்குள் தைத்து வைத்திருந்தாள். பென்சிலில் மூன்றே வரி. "மார்ச் 21 எனக்குப் பிறந்தநாளாம். அதுவரை பல் மிச்சமிருந்தால் கேக் தருவதாகச் சொல்கிறார்கள். இந்த நாளை ஞாபகம் வைத்திருந்த வீட்டுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்."

அன்றைக்கு மார்ச் பதினாறு.

ஸ்வார்ட் வீபேயின் முன்னால் குந்தி உட்கார்ந்து ஒரே கேள்விதான் கேட்டார், ஃபென்னாவுக்கு என்றைக்குப் பிறந்தநாள் என்று. வீபே உடைந்த உதட்டோடு செப்டம்பர் ஒன்பது என்றான். சின்ன வயதில் அன்றைக்கு அவர்கள் வீட்டில் பிளம் பழப் பணியாரம் கிடைக்குமாம். அவளுடைய போலி அடையாள அட்டையிலோ நவம்பர் இரண்டு என்று இருந்தது. அப்படியானால் மார்ச் இருபத்தொன்று எங்கிருந்து வந்தது?

"வீபே காட்டிக் குடுத்திருந்தா செப்டம்பர்னு சொல்லியிருப்பான்" என்றேன்.

"தேதி தெரியாத மாதிரி நடிச்சிருக்கலாம்ல. எனக்கு எந்த வீடுன்னு தெரியணும்" என்றான் கொல்லன்.

வெளியே வந்ததும் ஸ்வார்ட் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். பிறகு என்னிடம் கேட்டார். "ஏம்மா, உன் சிநேகிதி வீட்டுல ஒரு வாரம் தங்கினா, அவங்கம்மா முதல்ல என்ன கேப்பாங்க?"

"எப்ப கிளம்புறேன்னு."

"அதுக்கு முன்னால."

எனக்குப் பொறி தட்டியது. எந்த வீட்டம்மாவும் கேட்கிற கேள்விதான். உனக்குப் பிறந்தநாள் எப்போது? கேட்ட கையோடு பென்சிலை எடுத்துக்கொண்டு கக்கூஸுக்குப் போவாள். கிழமையும் வருடமும் இல்லாத பிறந்தநாள் காலண்டர் எங்கள் நாட்டில் எல்லா வீட்டிலும் அங்கேதான் தொங்குகிறது. உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக. மாமா, அத்தை, பால்காரர், பாதிரியார், எல்லோரும் அதில் உண்டு. யாருடைய பிறந்தநாளையாவது மறந்தால் இங்கே அடுத்த பிறந்தநாள் வரை முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். ரேடியோவைப் பரணில் ஒளித்து வைப்பார்கள், யூதக் குழந்தையை அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைப்பார்கள், அந்தக் குழந்தையின் பிறந்தநாளைக் கக்கூஸ் சுவரில் எழுதி வைப்பார்கள். ஜெர்மன்காரன் எங்களைப் பிடிக்க வேவுக்காரனுக்குச் சம்பளம் கொடுக்கவே வேண்டாம். வயிறு கலங்கினால் போதும்.

ஃபென்னா பெட்டியை வைத்துச் செய்தி அனுப்பிய வீடுகள் மூன்று என்று கொல்லனின் பட்டியல் சொன்னது. மூன்றுக்கும் போவது, காரணம் சொல்லாமல் காலண்டரைப் பார்ப்பது. வீட்டில் கறுப்பு ஆடு இருந்தால் அது உஷாராகிவிடக் கூடாது. எனவே இன்ஸ்பெக்டருக்குத் திடீரென்று நீர்க்கடுப்பு வந்தது.

முதல் வீடு, உள்பாவாடைக் கடை வைத்திருக்கும் விதவை ஓல்டென். எங்களைப் பார்த்ததும் சிக்கோரிக் காபியை அடுப்பில் ஏற்றினார். ஸ்வார்ட் தொப்பியைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனார். நான் அந்த அம்மாளோடு உட்கார்ந்து மூலவியாதி பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஸ்வார்ட் வெளியே வந்து என் காதில் சொன்னார்: மார்ச் பக்கத்தில் ஃபென்னா இல்லை. பக்கம் பக்கமாகப் புரட்டினால் ஜனவரி ஆறில் இருக்கிறாள்.

இரண்டாவது வீடு பாதிரியார் வீடு. போகும் வழியில் என் பின்சக்கரத்தில் டயருக்குப் பதிலாகக் கட்டியிருந்த தோட்டத்து ரப்பர் குழாய் பிய்ந்து தொங்கியது. அதைக் கட்டுவதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது. பாதிரியாரின் மனைவி பிஸ்கட் டப்பாவைத் திறந்து, ஆளுக்கு ஒன்று எடுத்த நொடியில் மூடிவிட்டார். போர் வந்ததால் அல்ல, அந்த வீட்டில் எப்போதும் அப்படித்தான். ஸ்வார்ட் திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு மாதிரி சிரிப்பு.

"ஜூன் பதினேழு" என்றார் தெருவில்.

"ஒருத்திய எத்தனை தடவைய்யா பெத்தாங்க அவங்கம்மா?"

அவர் நடு ரோட்டில் சைக்கிளை நிறுத்திவிட்டார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "புரியலையா? அவ வேணும்னே செஞ்சிருக்கா. வீட்டுக்கு ஒரு தேதி. எல்லா அம்மாவும் கேப்பாங்க, எல்லாரும் எழுதுவாங்கன்னு அவளுக்குத் தெரியும். எந்த வீடு ஒழுகுதோ அந்த வீட்டுத் தேதி வெளிய வரும். பிடிபட்ட அன்னைக்கு ஜெர்மன்காரன் வாயாலயே விலாசத்தைச் சொல்ல வச்சிருக்கா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நகத்தைப் பிடுங்குகிறவன் எதிரில் உட்கார்ந்துகொண்டு, அவன் சொன்ன தேதியைக் கவனித்து, அதைப் பாவாடைக்குள் தைத்து அனுப்பியிருக்கிறாள். நாங்கள் இங்கே அவள் சித்தி மகனைக் கட்டிவைத்து உதைத்துக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் மிச்சம் இருப்பது மூன்றாவது வீடுதான். பல் டாக்டர் வீடு. மணி மூன்று. அந்த டாக்டர் கொழுத்த ஆள், ஜெர்மன் அதிகாரிகளுக்கும் பல் கட்டுகிறவர். அவர்தான் என்று வழியெல்லாம் தீர்ப்பு எழுதிக்கொண்டு போனேன். ஸ்வார்ட்டை முந்திக்கொண்டு இந்தத் தடவை நானே உள்ளே போனேன்.

அக்டோபர் முப்பது.

மார்ச் பக்கத்தை மூன்று தடவை பார்த்தேன். டாக்டரின் மாமியார் இருந்தார், ஒரு நாய் இருந்தது, ஃபென்னா இல்லை. நான் எழுதிய தீர்ப்பைக் கழித்துவிட்டு, சங்கிலியை இழுத்துத் தண்ணீர் விட்டு வெளியே வந்தேன். ஸ்வார்ட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து டாக்டரின் மனைவி ஸ்வார்ட்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வாழ்த்துக்கள் என்றார். எதற்கு என்று இவர் விழித்தார். "உங்க யூரியன் வந்துட்டானே. காலைல ஸ்டேஷன்ல பாத்தேன். எலும்பும் தோலுமா இருக்கான், ஆனா நடந்துதான் போறான். உங்களுக்குத் தெரியாதா?"

யூரியன் அவருடைய ஒரே மகன். ஜெர்மனிக்கு விசுவாசமாக இருப்பேன் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கினார்களே, அதில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றவன். பதினொரு மாதத்துக்கு முன்னால் ஜெர்மனிக்குச் சுரங்க வேலைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அங்கே போனவர்கள் யாரும் அதுவரை திரும்பியதில்லை.

வெளியே வந்து நான் வீபேயை ஞாபகப்படுத்தினேன். இன்னும் ஒன்றரை மணி நேரம்தான் இருக்கிறது, நாலாவதாக ஏதோ ஒரு வீடு இருக்கிறது, அது எது என்று யோசிக்க வேண்டும் என்றேன்.

"பத்து நிமிஷம்" என்றார். ஐம்பத்து மூன்று வயது மனிதர் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. "ஒரே ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன், ஆல்ச்சே."

தலைமறைவாக இருப்பவர் பட்டப்பகலில் தன் வீட்டுக்குப் போவது பைத்தியக்காரத்தனம். போனோம்.

சமையலறையில் அவன் உட்கார்ந்திருந்தான். மொட்டை அடித்த தலை, காதுகள் மட்டும் பெரிதாக. எதிரில் ஒரு தட்டு நிறைய மசித்த உருளைக்கிழங்கும் கீரையும், நடுவில் குழம்பு ஊற்றக் குழி. கரண்டியை இடது கையில் பிடித்திருந்தான். வலது கையில் மூன்று விரல் இல்லை. ஸ்வார்ட் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு போய் மகனின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி டீனா என் கையைப் பிடித்துக் குலுக்கி, நீயும் சந்தோஷப்படு என்பதுபோல் வாழ்த்துச் சொன்னார். நானும் பதிலுக்கு வாழ்த்தினேன். அவனை எப்படி வெளியே விட்டார்கள் என்று கேட்டேன்.

உடம்பு சரியில்லை என்று ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள் என்றார். கை போனவனை வைத்து என்ன செய்வார்கள் என்றார். நான் கேட்காத இரண்டு மூன்று காரணங்களையும் சொன்னார்.

எனக்கு நிஜமாகவே அவசரமாக வந்தது. காலையிலிருந்து ஆறு கப் சிக்கோரி. தாழ்வாரத்துக் கடைசியில் இருந்த கதவைத் திறந்து உட்கார்ந்தேன். கண்ணுக்கு நேராக மார்ச் மாதம். இருபத்தொன்றாம் தேதிக்கு எதிரே, மணி மணியான பென்சில் எழுத்தில், "ஃபென்னா".

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. திரும்பி வந்தபோது ஸ்வார்ட் மகனுக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அய்யா" என்றேன். "நீங்களும் ஒரு தடவை போயிட்டு வந்துடுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கத்தான் ஆரம்பித்தார். பிறகு குழம்புக் கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு நடந்தார்.

ஊரில் இத்தனை கக்கூஸ் ஏறி இறங்கியவர், தன் வீட்டுக் கக்கூஸை நினைத்தே பார்க்கவில்லை. ஜனவரிக்குப் பிறகு அவர் அந்த வீட்டில் காலெடுத்து வைக்கவில்லை. பிப்ரவரியில் ஃபென்னாவுக்கு நல்ல காய்ச்சல், பெட்டியில்லாமல் இரண்டு ராத்திரி படுக்க இடம் வேண்டும் என்றபோது, என் வீட்டுக்கு அனுப்பு என்று ஆள்விட்டுச் சொன்னது அவர்தான். அங்கிருந்து செய்தி எதுவும் அனுப்பவில்லை. அதனால் கொல்லனின் பட்டியலில் அந்த வீடு இல்லை. அவர் மனதிலும் இல்லை.

டீனா என் முகத்தைப் பார்த்தார். மறைக்கவில்லை. குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டார். "ரெண்டு ராத்திரிதான் இருந்தா. நான்தான் கஞ்சி வச்சுக் குடுத்தேன். கால் பிடிச்சு விட்டேன். காய்ச்சல்ல எந்த வீடு, எந்தப் பாலம்னு அவளாத்தான் உளறினா."

"அப்புறம் பிடிச்சும் குடுத்தீங்க."

"உன் வயித்துல ஒண்ணு பொறந்து, அதைச் சுரங்கத்துல போட்டு விரல் விரலா வெட்டட்டும். அப்ப வந்து எங்கிட்டப் பேசு."

"அவளும் ஒரு வயித்துல பொறந்தவதான்."

"இருக்கட்டும். அது என் வயிறு இல்ல."

யூரியன் கரண்டியை நிறுத்தி, என்னம்மா என்றான். "ஒண்ணுமில்லடா, நீ சாப்பிடு" என்றார் டீனா. அவன் சாப்பிட்டான். பசி அவனை வேறு எதையும் கேட்கவிடவில்லை.

உள்ளே சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டது. ஸ்வார்ட் வந்தார். மனைவியைப் பார்க்கவே இல்லை. மகன் தோளில் கை வைத்து, வேகமாகச் சாப்பிடாதே, வயிறு தாங்காது என்றார். தொப்பியை எடுத்துக்கொண்டு என்னிடம் வா என்றார்.

ஆற்றங்கரை வழியே எதிர்காற்றில் மிதித்தோம். நான் பேச வாயெடுத்தபோது, பேச வேண்டியதை நான் பேசிக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னார். சூளைக்குள் நுழையும்போது மணி நாலு முப்பத்தைந்து. வீபேயின் கால்சட்டை நனைந்திருந்தது. எங்களைக் கண்டதும் அவன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, நாய் குரல்போல.

ஸ்வார்ட் கொல்லனுக்கு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார், கோர்ட்டில் சொல்வதுபோல. சிகரெட் தாள், காலண்டர், வீட்டுக்கு ஒரு தேதி. நாலாவது வீடு என் வீடு என்றார்.

"யார் சொன்னது?" என்றான் கொல்லன்.

"நான்தான். பையனுக்காக."

அவர் தானாகவே போய், வீபேயின் கட்டை அவிழ்க்கச் சொல்லி, நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். தொப்பியைக் கழற்றினார்.

கொல்லன் என்னைப் பார்த்தான். "நீ கூடவே இருந்தல்ல. சரியா?"

நான் தலையை ஆட்டியிருந்தால் கணக்கு முடிந்திருக்கும். வீபே வீட்டுக்குப் போவான், ஒரு நல்ல மனிதர் நல்ல மனிதராகவே சாவார், கை போன பையனுக்கு அம்மா மிஞ்சுவாள். ஸ்வார்ட் என்னைப் பார்த்த பார்வையும் அதைத்தான் கேட்டது. ஆனால் டீனாவுக்கு மற்ற மூன்று வீடும் தெரியும். ஓல்டென் அம்மாவின் பரணில் இரண்டு பேர், பாதிரியாரின் நிலவறையில் ஏழு பேர். பையனைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று ஜெர்மன்காரன் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த அம்மாள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஃபென்னா பல்லைக் கொடுத்து அனுப்பிய பதிலை நான் பாதியாக வெட்டிக் கொடுக்க முடியாது.

"பொய் சொல்றாரு" என்றேன். "அந்தத் தேதி அவருக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா மத்தியானத்துலேர்ந்து ஊர்ல இருக்கற கக்கூஸையெல்லாம் எதுக்குத் தேடணும்? காட்டிக் குடுத்தது அவர் பொண்டாட்டி."

ஸ்வார்ட் என்னைத் திட்டவில்லை. அது சரியான வாதம் என்று அவருக்குத் தெரியும். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த வாதம்தான்.

வீபேயின் கயிற்றை அறுத்துவிட்டார்கள். அவன் எழுந்து நிற்கப் பார்த்து, முழங்கால் மடங்கி, செங்கல் தூளில் விழுந்தான். யாரும் தூக்கவில்லை. பிறகு தானே தவழ்ந்து வெளிச்சம் இருக்கும் பக்கம் போனான். கொல்லன் இரண்டு ஆட்களைக் கூப்பிட்டு, பையன் கண்ணெதிரில் வேண்டாம், அந்த அம்மாளைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றான். அவர்கள் சைக்கிளை எடுத்தார்கள். ஒருவன் துப்பாக்கியைப் பால் கேனுக்குள் போட்டு மூடினான்.

ஸ்வார்ட் நாற்காலியில் உட்கார்ந்தார். தொப்பியை முழங்கால்மேல் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். சைக்கிள்கள் கரையேறிப் போகும் சத்தம் நின்ற பிறகு கேட்டார். "ஆல்ச்சே, அவன் சாப்பிட்டு முடிச்சிருப்பானா?"

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

"இருக்காதுய்யா" என்றேன். "நீங்கதான மெதுவா சாப்பிடச் சொன்னீங்க."